சூரியக் காற்று முன்கணிப்பு: முத்தொரை, கோடைக்கானல் தரவுகளை வைத்து ஒரு முதுகலை ஆய்வேடு எதைச் செய்ய முடியும்?

பைக்காரா (கேள்வி)

வணக்கம். உதகையில் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த பருவத்தில் எழுத வேண்டிய ஆய்வேட்டுக்கு விண்வெளி வானிலையைப் பொருளாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். 1963 முதல் மணிவாரியாகத் தொகுத்து நாசா இலவசமாக வழங்கும் ஆம்னி தரவிலிருந்து சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து இடைவிடாது வீசும் மின்னூட்டத் துகள்களின்) வேகம், அடர்த்தி, காந்தப்புலம் ஆகியவற்றை எடுத்து, ஒரு நரம்பியல் வலையமைப்பைப் பயிற்றுவித்து, புவிகாந்தப் புயலின் அளவைக் காட்டும் டி.எஸ்.டி. குறியீட்டை மூன்று நாட்களுக்கு முன்பே கணிப்பது என்று முன்வரைவு எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "மூன்று நாட்களுக்கு முன் அந்தக் காற்று எங்கே இருந்தது, அதை யார் அளந்தார்கள்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகு படித்தவரையில் எனக்குப் புரிந்தது இதுதான். 2014 ஜனவரி 7ஆம் தேதி சூரிய வட்டத்தின் நடுப்பகுதிக்கு அருகிலிருந்து வேகமான ஒரு நிறை உமிழ்வு (சூரியன் காந்தப்புலத்தோடு வெளியே எறியும் பெரும் வாயுத் திரள்) கிளம்பியது. கடுமையான புயல் வரும் என்று அமெரிக்க முன்கணிப்பு மையம் அறிவித்தது. சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வரவில்லை. 2015 மார்ச் 15ஆம் தேதி கிளம்பியதைப் பார்த்து ஐந்துபடி அளவுகோலில் முதல் படியான ஜி1 என்று மதிப்பிட்டார்கள். 17ஆம் தேதி அது ஜி4 வரை போனது. இத்தனை செயற்கைக்கோள்கள் இருந்தும் இவ்வளவு பிசகு ஏன் நேர்கிறது? நம் மலைகளில் இருக்கும் முத்தொரை ரேடியோ தொலைநோக்கியும் கோடைக்கானல் சூரிய ஆய்வகமும் இந்த இடைவெளியில் எதையாவது நிரப்ப முடியுமா? ஒரே பருவத்தில் முடிக்கத்தக்க வேலை எதுவென்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கூக்கல்

உங்கள் பேராசிரியர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடை சொல்லிவிட்டால் முன்வரைவின் பாதி தானாகவே திருந்திவிடும். ஆம்னி தரவில் இருப்பவை பூமிக்கு அருகே, பெரும்பாலும் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரத்தக்க எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலங்கள் எடுத்த அளவுகள். எல்1 நம்மிடமிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சாதாரணக் காற்று அந்தத் தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். 800 கிலோமீட்டர் வேகமென்றால் அரை மணி. ஆகவே எல்1 அளவுகளைக் கொண்டு ஒரு மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கலாம், மூன்று நாட்களுக்கு முன் எச்சரிக்க முடியாது. மூன்று நாட்களுக்கு முன் அதே காற்று சூரியனை விட்டுக் கிளம்பி வெகுதூரம் வந்திருக்காது. 15 கோடி கிலோமீட்டர் வழியில் அதைத் தொட்டு அளக்கும் கருவி எதுவும் நிலையாக நிற்கவில்லை. பார்க்கர் விண்கலம் 2024 டிசம்பரில் சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் அருகில் போனது உண்மைதான். ஆனால் அது தன் சுற்றுப்பாதையில் ஓடிக்கொண்டிருப்பது, பூமியை நோக்கி வரும் பாதையில் காவல் நிற்பதன்று.

நீங்கள் சொன்ன இரண்டு தோல்விகளும் ஒரே வகையானவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 2014இல் நடந்தது திசைப் பிழை: அருகிலிருந்த வலுவான காந்தப்புலமும் கரோனா துளையும் (சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் வேகக் காற்று வெளியேறும் பகுதி) சேர்ந்து உமிழ்வை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டன என்று பின்னர் வந்த ஆய்வுகள் விளக்கின. 2015இல் உமிழ்வு வந்து சேர்ந்தது, ஆனால் அதன் காந்தப்புலம் எதிர்பார்த்ததைவிட வலுவாகவும் தெற்கு நோக்கியும் இருந்தது. புயலின் கடுமையைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமன்று. உமிழ்வு சுமந்து வரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குக் கூறுதான் முதன்மையானது, அதை பி.இசட். என்று எழுதுவோம். அது தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் பகல்பக்கக் காந்தப்புலத்துடன் இணைந்து கதவு திறந்துகொள்கிறது. வடக்கு நோக்கியிருந்தால் எவ்வளவு வேகமான காற்றும் பெரும்பாலும் உரசிவிட்டுப் போய்விடுகிறது. சூரிய வட்டத்தை மறைத்துக் கரோனாவைப் படமெடுக்கும் கருவியான கரோனா வரைவி எடுக்கும் படத்தில் நாம் காண்பது எலக்ட்ரான்கள் சிதறடித்த ஒளி, அதாவது அடர்த்தி மட்டுமே. பி.இசட். எந்தப் பக்கம் என்பது எல்1 கலத்தைத் தொடும்வரை யாருக்கும் நேரடியாகத் தெரியாது.

இனி முத்தொரை. பாலாடா பக்கம் கேரட் தோட்டங்களுக்கு மேலே சரிவில் கிடக்கும் அந்த உருளைவடிவ ஆன்டெனாவை உதகைக்காரர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970 முதல் இயங்குவது. பேராசிரியர் கோவிந்த் சுவரூப் இந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சரிவின் கோணம் ஏறத்தாழ 11 பாகையாக, அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருப்பது. அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு ரேடியோ மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம்.

அது சூரியக் காற்றை அளப்பது நேரடியாக அன்று. காற்றலையினால் விண்மீன் மினுங்குவதுபோல, மிகச் சிறிய கோண அளவுள்ள தொலைதூரக் குவேசார்களின் (மிகப் பிரகாசமான விண்மீன்மண்டல மையங்களின்) ரேடியோ அலை, சூரியக் காற்றின் அடர்த்தி ஏற்ற இறக்கங்களுக்குள் நுழைந்து வரும்போது மினுங்குகிறது. கோளிடை மினுக்கம் எனப்படும் இதை 1964இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் கண்டறிந்தனர். (இதே மினுக்கத்தை ஆராயக் கட்டிய ஆன்டெனா வரிசையில்தான் 1967இல் முதல் பல்சார் சிக்கியது என்பது துறையில் எல்லோரும் விரும்பிச் சொல்லும் கதை.) முத்தொரையின் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் சுமார் 92 சென்டிமீட்டர். பதிவான செறிவின் திறன் நிறமாலையை (மினுக்கம் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை) இரட்டை மடக்கைத் தாளில் வரைந்தால், தாழ்ந்த அதிர்வெண்களில் தட்டையாகச் சென்று, ஒரு ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே முழங்கை மடிந்ததுபோல் சரியும். காற்று வேகமாக வீசும் நாளில் அந்த மடிப்பு வலப்பக்கம் நகரும், மெதுவான நாளில் இடப்பக்கம் வரும். மடிப்பின் இடத்தையும் சரிவின் வடிவத்தையும் கணித மாதிரியோடு பொருத்தி வேகத்தைப் பெறுகிறோம். மினுக்கம் வழக்கமான அளவைவிட மிகுந்திருந்தால் அந்தப் பார்வைக் கோட்டில் அடர்த்தியான ஏதோ ஒன்று குறுக்கிட்டிருக்கிறது என்று பொருள். வானில் பரவிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான மூலங்களை நாள்தோறும் பார்த்தால், சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு நிறை உமிழ்வு எங்கே இருக்கிறது, வழியில் எவ்வளவு வேகம் இழந்தது என்பதை வரைந்துவிடலாம். உங்கள் பேராசிரியரின் "யார் அளந்தார்கள்" என்ற கேள்விக்கு, பாதி வழியிலேனும் அளக்கும் கருவிகளுள் ஒன்று உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது.

அதன் எல்லைகளையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். கிடைப்பது பார்வைக் கோடு முழுவதிலும் கூட்டப்பட்ட ஓர் அளவு. சூரியனுக்கு மிக அருகே, ஏறத்தாழ 40 சூரிய ஆரத்துக்குள், இந்த அலைவரிசையில் சிதறல் மிகுந்து எளிய கோட்பாடு பொருந்தாமல் போகிறது. ஒரே நிலையத்திலிருந்து 24 மணி நேரமும் சூரியனைச் சூழ்ந்த வானத்தைப் பார்க்கவும் இயலாது. அதனால்தான் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் கருவிகளைப் போன்ற பிற நிலையங்களின் தரவுடன் சேர்த்துப் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மினுக்கம் பி.இசட். பற்றி எதையும் சொல்லாது.

பேரிஜம்

கூக்கல் ஐயா சொன்னதில் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் அன்று, ஒரு சேர்க்கை. பி.இசட். வழியில் அளக்கப்படுவதில்லை என்பது சரி. ஆனால் கிளம்பும் இடத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது, அதைப் படிக்கக் கோடைக்கானல் ஆவணம் உதவும்.

ஹைட்ரஜன் ஆல்பா ஒளியில் சூரியனைப் படமெடுத்தால், பரப்பின் மீது கரிய நூல்கள்போல இழைகள் தெரியும். எதிரெதிர்க் காந்த முனைகள் சந்திக்கும் எல்லைக் கோட்டின் மேல்தான் அவை அமர்ந்திருக்கின்றன. இழை வெடித்துக் கிளம்பும்போது முறுக்கிய காந்தக் கயிறாகப் போகிறது; அந்தக் கயிற்றின் அச்சு எப்படிச் சாய்ந்திருக்கும் என்பதை இழையின் சாய்விலிருந்து ஊகிக்கலாம். முறுக்கு இடமா வலமா என்பதில் சூரியனின் வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் வேறுபாடு உண்டு. பெரும்பான்மைக்குப் பொருந்தும் விதி அது, எல்லாவற்றுக்கும் அன்று. சாய்வும் முறுக்கும் தெரிந்தால், உமிழ்வு பூமியைக் கடக்கும்போது தெற்குப் புலம் முதலில் வருமா, பின்னால் வருமா என்று ஓரளவு சொல்லலாம். நடுவழியில் கயிறு திரும்பிவிடுவதும் உண்டு. அங்கேதான் கணிப்பு சறுக்குகிறது.

கோடைக்கானலில் சூரிய நோக்கு 1901இல் தொடங்கியது. வெள்ளொளிப் படங்கள் 1904 முதலும், ஹைட்ரஜன் ஆல்பா படங்கள் 1912 முதலும் இருக்கின்றன. கால்சியம் கே படங்கள் அந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்தே உண்டு. ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் புறநிழலில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909இல் இங்கே கண்டறிந்தார். தட்டுகள் இப்போது எண்முறையில் மாற்றப்பட்டு, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. பயன்படுத்துவதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரத்தையும் சூரியனின் வடதிசையையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். வடதிசை சில பாகை விலகியிருந்தால் இழையின் சாய்வும் அதே அளவு விலகும், பிறகு முடிவு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். பழைய தட்டில் மேகத்தின் தடமும் கண்ணாடித் தூசியும் இழைபோலவே தோன்றும்; தானியங்கி நிரலிடம் அதை ஒப்படைப்பதற்கு முன் நூறு படங்களையாவது கண்ணால் பார்த்துப் பழகுவது நல்லது.

குன்னூர்_வானொலி

நான் ஆய்வாளன் அல்லன். அமெச்சூர் வானொலி இயக்குபவன். முன்கணிப்பைப் பயன்படுத்தும் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் மாணவர்கள் எழுதும் முன்னுரைகளில் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் அடிக்கடி குழம்பிக் கிடக்கின்றன. சூரியச் சுடர் வெடித்தால் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. பகலில் இருக்கும் பக்கத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு சிற்றலைகளை விழுங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தானே சரியாகிவிடுகிறது. சூரியக் காற்றுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. காற்றினால் வரும் புயல் ஒன்று முதல் நான்கு நாட்கள் கழித்து வருவது, நெடுநேரம் நீடிப்பது.

இன்னொன்று: துருவ ஒளி நமக்குத் தெரியாது, எனவே புயல் நமக்குத் தொலைவானது என்று பலர் நினைக்கிறார்கள். காந்த நடுவரை தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. பி.இசட். தெற்கே திரும்பிய சில நிமிடங்களிலேயே மின்புலம் நடுவரைப் பகுதி அயனி மண்டலம்வரை ஊடுருவுகிறது. அதனால் சூரியன் மறைந்த பிறகு ஜி.பி.எஸ். குறிகைகள் தடுமாறும் இரவுகளும் உண்டு, அதே புயல் வழக்கமான தடுமாற்றத்தை அடக்கிவிடும் இரவுகளும் உண்டு. மண்சரிவில் கைப்பேசிக் கோபுரங்கள் விழும் மழைக்காலத்தில் சிற்றலையை நம்ப வேண்டிவரும் எங்களுக்கு, "இன்றிரவு எப்படி" என்பதற்கு ஆறு மணி நேரம் முன்னதாக நம்பகமான பதில் கிடைத்தாலே பெரிது.

பைக்காரா

கூக்கல் ஐயாவுக்கும் பேரிஜம் மேடத்துக்கும் குன்னூர் ஐயாவுக்கும் நன்றி. இப்போது டி.எஸ்.டி.யை மூன்று நாள் முன்பே கணிப்பது என்ற எண்ணத்தைக் கைவிடுகிறேன். வந்து சேரும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பருவத்துக்குள் முடியுமா? அதற்கும் இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தலாமா? உதகையில் மியூவான்களை (காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாக்கும் துகள்களை) அளக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வின் தரவு இதில் பயன்படுமா என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வில்பட்டி

தரவு அறிவியல் என் தொழில், சூரியக் காற்று என் ஓய்வுநேர வேலை. ஆகவே சற்றுக் கறாராகவே எழுதுகிறேன். நிறை உமிழ்வு வந்து சேரும் நேரத்தைக் கணிப்பதில் உலகெங்கும் உள்ள மாதிரிகளின் சராசரிப் பிழை இன்றைக்கும் சுமார் 10 மணி நேரம். பெரிய கணினிகளில் ஓடும் எண்லில் போன்ற காந்தப் பாய்ம மாதிரிகளுக்கும் (சூரியக் காற்றைக் காந்தப்புலத்தோடு ஓடும் பாய்மமாகக் கணக்கிடுபவை), ஒரே சமன்பாட்டில் அடங்கும் இழுவை மாதிரிக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு அதிகமில்லை. இழுவை மாதிரியில், உமிழ்வின் வேகத்துக்கும் சுற்றியுள்ள காற்றின் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அது வேகம் இழக்கிறது, அல்லது மெதுவாகக் கிளம்பியதென்றால் வேகம் பெறுகிறது. பலரும் சுற்றுக்காற்றின் வேகத்துக்கு 400 அல்லது 450 என்று ஒரு நிலையான எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் ஆய்வேடு நிற்க வேண்டிய இடம் அந்த எண் என்பது என் கருத்து. அந்த இடத்தில் மினுக்கத்திலிருந்து பெற்ற வேகத்தைப் போட்டால் பிழை குறைகிறதா இல்லையா? விடை "இல்லை" என்று வந்தாலும் அது ஆய்வேடுதான்.

தேவையானவை கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. சோகோ விண்கலத்தின் கரோனா வரைவி 1996 முதல் பதிவுசெய்த உமிழ்வுகளின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. பூமிக்கருகே வந்து சேர்ந்தவற்றின் பட்டியலும் அதே ஆண்டிலிருந்து உண்டு. நகோயாவின் வேகத் தரவும் இணையத்தில் கிடைக்கிறது. முத்தொரைத் தரவுக்கு உங்கள் துறைத் தலைவர் வழியாக முறையாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6ஆம் தேதி தன் சுற்றுப்பாதையில் நிலைகொண்டது. அதன் ஆஸ்பெக்ஸ் கருவியின் சூரியக் காற்று அளவுகள் இஸ்ரோவின் பிரதான் தளத்தில் வெளியாகின்றன. வந்து சேர்ந்த நேரத்தைச் சரிபார்க்க அதையும் பயன்படுத்தலாம்.

இயந்திரக் கற்றலைப் பற்றி: பயன்படுத்தலாம், ஆனால் பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் ஒரே பள்ளத்தில் விழுகின்றன. மணிவாரித் தரவைக் குலுக்கிப்போட்டு எண்பது விழுக்காட்டைப் பயிற்சிக்கும் இருபதைச் சோதனைக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். காலை பத்து மணி அளவு பயிற்சியிலும் பதினொரு மணி அளவு சோதனையிலும் இருந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் மாதிரி மிகச் சிறப்பாகத் தேறிவிடும். அடுத்த ஆண்டின் புயலில் கையை விரித்துவிடும். ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். முடிந்தால் ஒரு சூரியச் சுழற்சியில் (சூரியப் புள்ளிகள் கூடிக் குறையும் சுமார் 11 ஆண்டுகளில்) பயிற்றுவித்து அடுத்த சுழற்சியில் சோதியுங்கள்.

ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படையும் வேண்டும். சூரியன் பூமியிலிருந்து பார்க்க ஏறத்தாழ 27 நாட்களுக்கு ஒருமுறை சுழல்வதால், கரோனா துளையிலிருந்து வரும் வேகக் காற்று அதே இடைவெளியில் திரும்ப வரும். "27 நாட்களுக்கு முன் வீசிய வேகமே இன்றும் வீசும்" என்ற ஒரு வரி விதியை 11 ஆண்டுச் சுழற்சியின் இறங்கு பருவத்தில் தோற்கடிப்பது எத்தனை கடினம் என்பதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். உங்கள் வலையமைப்பு அந்த ஒரு வரியை வெல்லவில்லையென்றால், அதில் எத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்பது யாருக்கும் வேண்டாத விவரம்.

பெரிய புயல்கள் அரியவை என்பது இன்னொரு தொல்லை. 2024 மே 10, 11 தேதிகளில் 13664 என்ற எண்ணுள்ள சூரியப் புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்து வந்த உமிழ்வுகள் சேர்ந்து டி.எஸ்.டி.யை −400 நானோடெஸ்லாவுக்கும் கீழே இறக்கின (எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு கடும் புயல்). லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. ஆம்னி தொடங்கிய 1963இலிருந்து அப்படிப்பட்டவற்றை விரல்விட்டு எண்ணலாம். "புயல் வராது" என்று எப்போதும் சொல்லும் மாதிரிகூடத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சரியாக இருக்கும்; ஆகவே துல்லிய விழுக்காட்டை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். தவறவிட்டவை எத்தனை, வீணாக எச்சரித்தவை எத்தனை என்று தனித்தனியே காட்டுங்கள். அடுத்தடுத்துக் கிளம்பி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் உமிழ்வுகளைத் தனிப் பட்டியலில் வையுங்கள். முன்னது வழியைத் துடைத்துவிட்டுப் போவதால் பின்னதற்கு இழுவை குறைந்து, உங்கள் சமன்பாடு அங்கே பொருந்தாது.

கூக்கல்

வில்பட்டி நண்பர் சொன்ன திட்டத்தை நான் வழிமொழிகிறேன். கிரேப்ஸ்-3 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதன் மியூவான் தொலைநோக்கி 560 சதுர மீட்டர் பரப்புள்ளது. 2015 ஜூன் 22ஆம் தேதி இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை திடீரென உயர்ந்ததைப் பதிவுசெய்தது. பி.இசட். −40 நானோடெஸ்லா அளவுக்குத் தெற்கே இறங்கிய நேரத்தில் பூமியின் காந்தக் கவசம் சற்றுத் தளர்ந்ததே காரணம் என்று 2016இல் வெளியான ஆய்வு விளக்கியது. அருமையான வேலைதான், ஆனால் அது புயல் வந்த பிறகு அதன் விளைவை அளந்தது. உமிழ்வு வருவதற்கு முன்பே சில திசைகளில் காஸ்மிக் கதிர் குறைவதைப் பிடிக்கும் முயற்சிகள் உலகில் நடக்கின்றன, ஆனால் ஒரே பருவத்தில் நீங்கள் இறங்க வேண்டிய ஆழம் அதுவன்று.

தொடக்கத்துக்கு, ஒன்றோடொன்று மோதாமல் தனியாக வந்த உமிழ்வுகளை மட்டும் இருபது முப்பது பொறுக்குங்கள். 2015 மார்ச் நிகழ்வை அதில் சேருங்கள். 2014 ஜனவரி நிகழ்வைச் சேர்க்காதீர்கள், அது நேரப் பிழையன்று, திசைப் பிழை. ஒவ்வொன்றுக்கும் நிலையான 400ஐப் போட்டு ஒருமுறையும், 27 நாள் விதி தரும் வேகத்தைப் போட்டு ஒருமுறையும், மினுக்க வேகத்தைப் போட்டு ஒருமுறையும் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட்டு மூன்று நெடுவரிசையாக எழுதி, அதைப் பேராசிரியரிடம் காட்டிய பிறகு முன்வரைவைத் திருத்துங்கள். உமிழ்வின் தொடக்க வேகத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது, அது வானத் தளத்தில், அதாவது பார்வைக் கோட்டுக்குக் குறுக்கே, தெரியும் வேகம், பூமியை நோக்கிய வேகம் அன்று என்பதையும் அட்டவணையின் அடியில் குறிப்பிட்டுவிடுங்கள். தேர்வாளர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.